துணி படாத இடம்

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும், மதுரை நகரத்து வங்கி வாசல்களில் பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு காவல் நிற்கும் முன்னாள் படைவீரர்களுக்கும்,



2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தவர்கள் நம்மில் பலர். மார்ச் 16-ஆம் தேதி தேர்தலை அறிவித்தார்கள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. 23-ஆம் தேதி அழகர் வைகையில் இறங்கினார். ஜூன் 4-ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். அறிவிப்புக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே 80 நாள். சித்திரை வெயிலையும் மே மாத மழையையும் துப்பாக்கி ஓர் அறையின் மூலையில் நின்றபடியே கழித்திருக்கும்.

திருப்பி வாங்கிய ஒரு வாரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, தன்னுடைய .315 ரைபிளோடு கடலைக்காட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். தோட்டாவைப் போட்டு போல்ட்டைத் தள்ளினார். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார், நகரவில்லை. வரப்பில் கிடந்த கல்லை எடுத்து போல்ட் பிடியை ஒரு தட்டுத் தட்டப் போனார். கையைப் பிடித்துவிட்டேன்.

"விடு மாப்ளே, பழைய இரும்பு. அப்படித்தான் முரண்டு பிடிக்கும்" என்றார்.

இருபத்துச் சொச்சம் வருடம் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்தவன் நான். அந்தக் கல் இறங்கியிருந்தால் உயிருள்ள தோட்டா ஒன்று தோட்டா அறைக்குள் பாதி நுழைந்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சிக்கியிருக்கும். குண்டு கூட்டுக்குள் பின்வாங்கியும் இருக்கலாம். அப்படிப் பின்வாங்கிய தோட்டாவைச் சுட்டால் உள்ளே எழும் அழுத்தம் கூடிவிடும். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கல்தான்.

போல்ட்டை மெல்ல இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தோம். பித்தளையின் மேல் நீளவாக்கில் புதுக் கீறல்கள் இருந்தன. வீட்டுக்கு வந்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, போல்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. தோட்டா அறையின் சுவரில் மட்டும் பழுப்பாக ஒரு பிசின், அதற்கடியில் செம்புள்ளிகள். ஒப்படைப்பதற்கு முன்னால் மாமா நல்லெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். அக்கறையோடுதான் செய்திருக்கிறார். "மூணு துணி விட்டு இழுத்தேன் மாப்ளே, மூணாவது துணி வெள்ளையா வந்துச்சு" என்றார். அதுவும் உண்மைதான்.

ஆனால் அந்தத் துணி தோட்டா அறையைத் தொட்டதே இல்லை.

.315 ரைபிளின் குழல் ஏறக்குறைய 8 மி.மீ. அகலம். தோட்டாக் கூட்டின் அடிப்பகுதி 12 மி.மீ.க்கும் மேல். அப்படியானால் தோட்டா உட்காரும் அறையும் அந்த அளவு அகலம் இருக்கவேண்டும் அல்லவா? குழலுக்கு இறுக்கமாக வெட்டிய துணி அந்த அகன்ற அறையைக் கடக்கும்போது சுவரில் படாமலே போய்விடும். பன்னிரண்டு போரில் இந்த வித்தியாசம் குறைவு: குழல் 18.5 மி.மீ., தோட்டா அறை 20 மி.மீ.க்குச் சற்று மேல். குறைவானாலும் கதை அதேதான். புல்த்ரூக் கயிற்றில் கட்டிய துணி குழலைத் துடைக்கும், தோட்டா அறையை மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போகும். படையில் இருந்தவர்களுக்கு நாலுக்கு இரண்டு அங்குலச் சிந்தித் துணி ஞாபகம் இருக்கும். அந்த அளவைக் குழலுக்காக வகுத்தார்கள். தோட்டா அறைக்குத் தனிக் கம்பி, தனித் துணி வேண்டும். படையில் நாம் செய்ததை ஊருக்கு வந்ததும் விட்டுவிட்டோம்.

சுடும்போது பித்தளைக் கூடு ஒரு கணம் ஊதி, அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வெடிவாயு பின்னால் கசியாமல் அடைப்பது அந்த ஒட்டுதல்தான். அழுத்தம் இறங்கியதும் கூடு கொஞ்சம் சுருங்கி, இழுத்தால் வருகிறது. சுருங்குவது தலைமுடி அளவுதான். அந்த இடைவெளியில் கரியோ துருவோ உலர்ந்த எண்ணெயோ இருந்தால் கூடு விடாது. ஈரத்தோடு அடுக்கி வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளுமே, அந்தப் பிடிதான் இது.

எனவே நோயைத் துப்பாக்கியில் தேடுமுன் சுட்ட கூட்டில் தேடுங்கள். போன முறை சுட்ட கூடு ஒன்றாவது வீட்டில் கிடக்கும். விளிம்பைப் பாருங்கள். இழுக்கும் கொக்கி விளிம்பைக் கடித்து வளைத்திருந்தால், கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டா அறைதான் கூட்டை விடவில்லை என்று பொருள். விளிம்பு பழுதில்லாமல் இருந்தும் கூடு உள்ளேயே தங்கிவிடுகிறதா? கொக்கி தேய்ந்திருக்கும், இல்லை அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதற்குத் தோட்டா அறையை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. உடம்பில் நீளவாக்கில் கீறல் இருந்தால் உள்ளே சொரசொரப்பு இருக்கிறது. ஒரே இடத்தில் சுற்றிலும் தடம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் கரி வளையம் கட்டியிருக்கலாம். கூட்டின் அடிப்பக்கம், விளிம்புக்குச் சற்று மேலே, பளபளவென்று ஒரு கோடு சுற்றியிருந்தால் அது அழுக்கு சம்பந்தப்பட்டதே இல்லை. பித்தளை இழுபட்டு மெலிந்த அடையாளம் அது. அந்த ரைபிளைச் சுடாமல் வைத்துவிட்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பன்னிரண்டு போர்க்காரர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தோட்டாவின் கூடு சூட்டில் அறைச் சுவரில் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். டார்ச் வெளிச்சத்தில் அது பளபளப்பாகத் தெரிவதால் சுத்தமாக இருக்கிறதென்று நினைத்துவிடுவோம். இன்னொன்று, 70 மி.மீ. தோட்டாவுக்கு வெட்டிய அறையில் 65 மி.மீ. தோட்டாவையே வருடக்கணக்காகப் போட்டுச் சுட்டு வந்தால், மிச்சமுள்ள 5 மி.மீ.யில் கரி வளையமாகக் கட்டும். பிறகு ஒரு நாள் 70 மி.மீ. தோட்டாவைப் போடும்போது அதன் வாய் விரியவேண்டிய இடத்தில் கரி உட்கார்ந்திருக்கும். எந்த அளவுக்கு வெட்டிய அறை என்பது பெரும்பாலும் குழலின் அடியிலேயே பொறித்திருக்கும். ஒருமுறை பார்த்து உரிமப் புத்தக உறையில் குறித்து வையுங்கள்.

இனிச் சுத்தம் செய்வது. எதற்கும் முன்னால், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே தோட்டாக்கள் இருக்கவேண்டாம்.

நம்மில் பலர் தவறு செய்வது எண்ணெயில்தான், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எண்ணெய்தான் துருவைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் உப்பின் மேல் எண்ணெய் தடவினால் உப்பு எண்ணெய்க்கு அடியில் அப்படியே இருக்கும். பழைய ராணுவத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்து மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்புக்குத் தம்பி முறை. ஐப்பசி, கார்த்திகையில் உப்புச் சாடி கசிவதைப் பார்க்கிறோமே, அதேபோல் இந்த உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் உட்காரும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் லீ-என்ஃபீல்டு ரைபிளுக்குப் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். நம்முடைய .315 அந்த லீ-என்ஃபீல்டு வழியில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்ததுதான். நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் போடும் கரிமருந்து என்பது முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது, அதில் ஒரு பங்கு குழலிலேயே தங்குகிறது. நம் தாத்தாக்கள் சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவியதற்குக் காரணம் இதுதான். இப்போது விற்கும் தோட்டாக்களில் பலவற்றில் அந்த உப்பு கிடையாது. பெட்டியில் எதுவும் எழுதியிருக்கவில்லையென்றால் வெந்நீர் ஊற்றிவிடுங்கள். நன்றாக உலர்த்திவிட்டால் தண்ணீரால் கெடுதல் இல்லை.

ரைபிளில் போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அறைப் பக்கமிருந்து புனல் வைத்து ஊற்றுங்கள். குழல் வாய் கீழே இருக்கட்டும். மரக்கட்டைக்குள் தண்ணீர் போகாமல் பழந்துணி சுற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீராக இருந்தால் இரும்பு சூடாகித் தானே பெரும்பகுதி உலர்ந்துவிடும். இரட்டைக்குழல், ஒற்றைக்குழல் பன்னிரண்டு போரில் குழலைத் தனியாகக் கழற்றிவிடலாம், வேலை இன்னும் சுலபம்.

உலர்ந்தபின் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அறைக்குள் விட்டுக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பிறகு ஒரு மூங்கில் குச்சியின் முனையைப் பிளந்து, பழைய பருத்தி வேட்டித் துணியை அதில் செருகிச் சுற்றுங்கள். அறைக்குள் போகும்போது இறுக்கம் தெரியவேண்டும், அடித்து ஏற்றும் அளவுக்கு வேண்டாம். அதை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். குழலைத் துடைக்கும்போது துணி முன்னும் பின்னும் போகும். தோட்டா அறையில் அது சுழலவேண்டும், மத்து சுழல்வது மாதிரி. கரி வளையமும் பிளாஸ்டிக் பூச்சும் சுழற்றினால்தான் விடும். வெண்கலக் கம்பிப் பிரஷ் கிடைத்தால் நல்லது. பன்னிரண்டு போர் அறைக்குக் குழல் பிரஷ் சிறிதாக இருக்கும், பத்து போர் பிரஷ் சரியாக உட்காரும்.

எடுக்கும் துணியின் நிறத்தைப் பாருங்கள். கருப்பாக வந்தால் கரி, இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. செம்பழுப்பாக வந்தால் துரு. பச்சை கலந்த நீலமாக வந்தால் செம்போ பித்தளையோ இருக்கிறது, குழலிலிருந்து வந்திருக்கும். மாமாவின் ரைபிளில் முதல் நான்கு துணி பழுப்பும் கருப்புமாக வந்தது. பிசின் கரைந்தபின் செம்பழுப்பு. ஏழாவது துணியில்தான் நிறம் அடங்கியது. கல் எடுத்த கையாலேயே அத்தனை நேரம் அவர்தான் சுழற்றினார்.

உப்புத்தாள் போடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றிச் சுரண்டாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே என்று இங்கே புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அறைச் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் சுடும்போது பித்தளை அந்தக் கீறலுக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும், பழைய அழுக்கைவிட மோசமாக. துரு சுவரைத் தின்று எறும்புப் புற்று மாதிரிக் குழிகள் விட்டிருந்தால் அதைக் கையால் சரிசெய்ய முடியாது. அதற்கும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்தான். கொண்டுபோகும்போது நீங்களே கூடப் போங்கள், அல்லது எழுத்துமூலம் அனுமதி கொடுத்து அனுப்புங்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு பழுதுபார்க்க எடுத்துச் செல்வதற்கு அந்த அளவு இடம் தருகிறது. அக்கம்பக்கத்துப் பையனிடம் அனுமதிக் கடிதம் இல்லாமல் கொடுத்தனுப்பினால் அவன் மேல் வழக்கு வரும்.

சுட்ட வெற்றுக் கூடு சிக்கியிருந்தால், அது வெற்றுக் கூடுதான் என்பதை உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வாய் வழியாக மரக்கம்பியோ பித்தளைக் கம்பியோ விட்டு மெல்லத் தட்டலாம். வந்துவிடும். உயிருள்ள தோட்டா சிக்கினால் குழல் வாய் வழியாக எதையும் விடாதீர்கள். ஆளில்லாத திசையில் மண் மேட்டைப் பார்த்து வைத்துவிட்டு, தெரிந்தவரை அந்த இடத்துக்கே வரவழையுங்கள்.

எண்ணெய்க்குத் திரும்ப வருகிறேன். நல்லெண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டியாகும். பழைய எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பிசின் அதுதான். விளக்கெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் காறும். தையல் மெஷின் எண்ணெய் போதும், இரண்டு சொட்டு, துணியில் தொட்டுத் தடவினால் போதும். சுடுவதற்கு முன்னால் தோட்டா அறையிலிருந்து அந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். அறை வழுவழுப்பாக இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காது, வெடியின் உந்துதல் முழுவதும் போல்ட்டின் மேல் விழும். .315 போல்ட்டின் பூட்டுக் காதுகள் பின்பக்கம் இருப்பவை. அவற்றுக்கு அந்தச் சுமையைத் தராமல் இருப்பது நல்லது. வைக்கும்போது எண்ணெய், சுடும்போது வறட்சி. இந்த இரண்டில் ஒன்றை மறந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை ஒப்படைக்கும்போது தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ போட்டுக் கொடுக்காதீர்கள், உறை ஈரத்தைக் குடித்துவைக்கும். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு போல்ட்டிலுள்ள எண்ணையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். திருப்பி வாங்கும்போது இரண்டும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். இரண்டு ரைபிளின் போல்ட் மாறிப்போனால் பார்வைக்குத் தெரியாது, ஆனால் ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தவேண்டுமென்பதில்லை. அப்புறம் குழலை வெளிச்சத்தில் பிடித்து முழுக்கப் பாருங்கள். திண்ணை ஓட்டையையும் சாவித் துவாரத்தையும் மண்ணால் அடைக்கும் குளவி துப்பாக்கிக் குழலையும் விடாது. மண் அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும், முகம் பக்கத்தில் இருக்கும்.

இவ்வளவும் சுடுவதற்காகவா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வருடத்துக்கு இரண்டு முறை சுட்டாலே அதிகம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமில்லை. சாப்டூர் வனச்சரகம் இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மக்காச்சோளத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போன காலையில் எனக்கும் நெஞ்சு எரியும். ஆனாலும் 2025-இல் வந்த அரசாணைப்படி, காட்டெல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் அதிகாரம்கூட வனத்துறைக்குத்தான், நமக்கு இல்லை. விரட்ட ஒரு வேட்டுப் போடுவதோடு நாம் நிற்கவேண்டியதுதான். வங்கி வாசலில் நிற்கும் தோழர்களோ வருடக்கணக்கில் ஒரு தோட்டாவும் சுடாமல் நிற்கிறார்கள். நான் கவலைப்படுவது இதற்குத்தான். அடிக்கடி சுடுகிறவன் துப்பாக்கியைத் திறந்து பார்ப்பான். சுடாமல் வைத்திருப்பவனின் துப்பாக்கியில் வருடக்கணக்காக என்ன சேர்ந்திருக்கிறது என்பது, தோட்டா உள்ளே போகாமல் நிற்கும் அந்த இரவில்தான் அவனுக்குத் தெரியவரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணியிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். உள்ளூர்க்காரர்களுக்கு வீடு தெரியும். உரிமப் புத்தகத்தோடு நீங்களே துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள், நான் சொல்லச் சொல்ல உங்கள் கையாலேயே செய்யுங்கள். மூங்கில் குச்சியும் வெந்நீரும் என்னிடம் இருக்கும். பழைய வேட்டி ஒன்று எடுத்து வாருங்கள். தோட்டா வேண்டாம். கடைசியாகச் சுட்ட கூடு ஒன்று கிடைத்தால் அதைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள், முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ஓய்வுபெற்ற ஆர்மரர், உசிலம்பட்டி வட்டம்